மூத்த கார்டைப் பார்த்துப் படியுங்கள்

கூடைப்பந்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்பது அறிவுரைகள்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் கூடைப்பந்து என்றதும் செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் பக்கத்துச் சீனப்பள்ளித் திடல்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தோட்டத்து மக்களுக்குக் காற்பந்துதான் உயிர். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் இப்போது இடைநிலைப்பள்ளியின் சிமெண்டுத் திடலில் கூடைப்பந்தைத் தட்டிப் பழகுகிறார்கள். ஆண்பிள்ளைகளும் வருகிறார்கள், பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற எல்லாருக்கும் ஒரே ஆசை: ஸ்டீபன் கர்ரி மாதிரி தூரத்திலிருந்து எறிந்து பந்தை வளையத்துக்குள் போட வேண்டும். ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அதே திடலில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் ஆடிக்கொண்டிருப்பார். ஷிப்ட் வேலை முடிந்த கையோடு வந்து, முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு இறங்குவார். பந்தை எதிராளியின் பக்கம் கொண்டுபோவதும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று கைகாட்டுவதும் அவர்தான். பாய்ண்ட் கார்டு என்பது அவருடைய இடம். அவர் உயரமாகக் குதிக்க மாட்டார், அதிகம் எறியவும் மாட்டார். "அண்ணனுக்கு வயசாயிடுச்சு, உட்கார வெச்சிட்டு நாம ஓடி ஆடலாம்" என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவரை உட்கார வைத்தால் ஓட்டம் கூடும், ஆட்டம் கைநழுவும். ஏன் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்து ஆளை எடைபோடாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: யார் எத்தனை புள்ளி? ஆட்டக் குறிப்பில் புள்ளி ஏறும், அசிஸ்ட் ஏறும், ரீபவுண்ட் ஏறும். ஏறாத வேலை நிறைய இருக்கிறது. மூத்த கார்டு வலது பக்கம் பந்தைக் கொடுக்கிறார். அங்கிருந்தவர் அதை மூலைக்குத் தள்ளுகிறார். மூலையில் நின்றவர் எறிந்து மூன்று புள்ளி எடுக்கிறார். குறிப்பில் எறிந்தவருக்கு மூன்று புள்ளி, தள்ளியவருக்கு ஓர் அசிஸ்ட். தடுப்பவர்கள் எல்லாரையும் தன் பக்கம் இழுத்துவிட்டு முதல் பாஸைக் கொடுத்தவருக்கு எதுவும் இல்லை.

ஜான் ஸ்டாக்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 முதல் 2003 வரை 19 பருவங்கள், எல்லாம் யூட்டா ஜாஸ் என்ற ஒரே அணியில். 15,806 அசிஸ்டுகள். என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் வரலாற்றில் இன்றைக்கும் அந்தக் கணக்கை யாரும் எட்டவில்லை. கூட்டத்தை எழுந்து நிற்க வைக்கும் வித்தை எதையும் அவர் காட்டியதில்லை. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் பந்தைச் சேர்ப்பதையே இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்துகொண்டிருந்தார். அதே அணியின் கார்ல் மலோன் அத்தனை புள்ளிகள் எடுத்ததில் ஸ்டாக்டனின் கைக்குப் பெரும்பங்கு உண்டு.

2. பறிகொடுக்காத பந்தையும் கணக்கில் சேருங்கள்.

40 நிமிட ஆட்டத்தில் ஓர் அணியின் கைக்கு ஏறத்தாழ 70, 75 முறை பந்து வரும். ஒவ்வொரு முறையும் ஒரு வாய்ப்பு. பந்தைத் தட்டும்போதே தொலைத்தால் அந்த வாய்ப்பு போகிறது. அதோடு, எதிராளி தடுப்பார் இல்லாமல் ஓடிப்போய் லே-அப் போட்டுவிடுகிறான். ஒரு தவறுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். புதிய பிள்ளைகள் ஆட்டத்தில் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். எறிந்து தவறியதைவிட, எறிவதற்கு முன்பே தொலைத்த பந்துகள்தான் அதிகம்.

வீட்டில் பால்மரம் வெட்டிய பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். புது ஆள் அவசரத்தில் ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்திவிடுவார். கைதேர்ந்தவர் பட்டையை மெல்லிசாகச் சீவுவார். பாலும் வரும், மரமும் பல வருஷம் தாங்கும். மூத்த கார்டு பந்தைக் கையாள்வதும் அந்த மாதிரிதான். தேவைக்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார்.

கிறிஸ் பால் என்.பி.ஏ.வில் ஒரு பந்தைத் தொலைத்தால் சுமார் நான்கு அசிஸ்டுகள் கொடுத்திருப்பார். அவருடைய மொத்த ஆட்டக்காலத்தின் சராசரி அது. 2021 ஜூன் கடைசியில், ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்ற ஆட்டத்தில் அவர் 41 புள்ளிகள் எடுத்தார், 8 அசிஸ்டுகள் கொடுத்தார், ஒரு பந்தைக்கூடத் தொலைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 36. நீங்கள் 41 புள்ளியைப் பார்த்து வியந்திருப்பீர்கள். நான் அந்தச் சுழியத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

3. ஓடத் தெரிந்தால் போதாது, நிற்கவும் தெரிய வேண்டும்.

பதினாறு வயதில் கால் பறக்கும். எல்லா நேரமும் ஒரே வேகத்தில் பறந்தால் தடுக்கிறவன் இரண்டு நிமிடத்தில் உங்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்வான். மூத்தவர் நடுக்கோடு வரை நடக்கிற மாதிரி வருவார். தோளை நிமிர்த்துவார். தடுப்பவன் அவர் நிற்கப் போகிறார் என்று நினைத்துக் குதிகாலைத் தரையில் வைக்கும் அந்த ஒரு கணத்தில் முதல் அடியை நீளமாக எடுத்து வைத்து அவனைத் தாண்டிவிடுவார். அவரைவிட வேகமான பையனையும் இப்படித்தான் தாண்டுகிறார். தடுப்பவனின் குதிகாலைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். குதிகால் தரையில் பட்டால் அவனால் உடனே கிளம்ப முடியாது.

அணி முழுவதற்கும் இது பொருந்தும். எதிரணி தொடர்ந்து ஆறு, எட்டுப் புள்ளிகள் எடுத்துவிட்டால் இளையவர்கள் பதறி, அடுத்த பந்தை அவசரமாக எறிவார்கள். மூத்தவர் பந்தை வாங்கி, கையை உயர்த்தி எல்லாரையும் அவரவர் இடத்துக்குப் போகச் சொல்லி, இருபது விநாடி எடுத்து ஆடுவார். அந்த இருபது விநாடியில் எதிரணியின் உற்சாகம் அடங்கும், நம் பிள்ளைகளுக்கு மூச்சு திரும்பும்.

4. பந்தை ஆளிடம் கொடுக்காதீர்கள், ஆளின் கைக்குக் கொடுங்கள்.

ஒரு பாஸ் நல்ல பாஸா இல்லையா என்பது வாங்கியவர் அடுத்து என்ன செய்ய முடிந்தது என்பதில் தெரியும். மூலையில் நிற்பவருக்குப் பந்து முட்டிக்கு வந்தால், குனிந்து எடுத்து, நிமிர்ந்து, கையைச் சரிசெய்து எறிய வேண்டும். அதற்குள் தடுப்பவன் முகத்துக்கு நேரே வந்துவிடுவான். அதே பந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், அவர் எறியும் கைப்பக்கமாக வந்தால், வாங்கிய அசைவிலேயே எறிந்துவிடலாம். ஒரே தூரம், ஒரே வலு. அரை சாண் வித்தியாசத்தில் பாஸின் மதிப்பே மாறிவிடுகிறது.

உயரமான ஆள் ஸ்கிரீன் போட்டுவிட்டு, அதாவது தடுப்பவனின் வழியை மறித்து நின்றுவிட்டு, வளையத்தை நோக்கித் திரும்பும்போது தடுப்பவன் கையைத் தூக்கியிருந்தால் பந்தைத் தரையில் தட்டிக் கொடுங்கள். கை கீழே இருந்தால் தலைக்கு மேலே கொடுங்கள். எந்தப் பையன் ஓடிக்கொண்டே பிடிப்பான், எவனுக்கு நின்று பிடித்தால்தான் கை நிற்கும் என்பதும் மூத்தவருக்குத் தெரியும். கூட ஆடுகிறவர்களைப் பல காலம் கவனித்ததால் வந்த அறிவு அது.

நம் நாட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறோம். 2016இல் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் அணி சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை வென்று ஆசியான் கூடைப்பந்து லீக் கிண்ணத்தை எடுத்தபோது, அதன் பாய்ண்ட் கார்டு ஜேசன் பிரிக்மன். உயரத்தில் பெரிய ஆள் இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் ஆயிரம் அசிஸ்டுகளைத் தாண்டிய நான்காவது ஆட்டக்காரர் அவர். உயரம் குறைந்த நம் பிள்ளைகள் மனம் தளரத் தேவையில்லை. இந்த இடத்துக்கு உயரத்தைவிடக் கண் முக்கியம்.

5. கடிகாரத்தையும் ஃபவுல் கணக்கையும் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுக்கோட்டைத் தாண்ட 8 விநாடி. எறிய 24 விநாடி. ஒரு கால்பகுதியில் ஓர் அணி நான்கு ஃபவுல் செய்துவிட்டால் ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒருவருக்கு ஐந்து ஃபவுல் சேர்ந்தால் வெளியே போக வேண்டும். அனைத்துலக விதிப்படி டைம்-அவுட் கேட்கும் உரிமை பயிற்றுநர் பக்கத்துக்குத்தான் உண்டு, ஆட்டக்காரருக்குக் கிடையாது. இவை எல்லாப் பிள்ளைகளும் படித்த விதிகள்தான். ஆடும்போது யார் நினைவில் வைத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.

கடைசி ஒரு நிமிடத்தைப் பாருங்கள். நம் அணி மூன்று புள்ளி முன்னால். எதிரணிக்கு அந்தக் கால்பகுதியில் நான்கு ஃபவுல் ஆகிவிட்டது. அவர்கள் கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே ஃபவுல் செய்யப் போகிறார்கள் என்பது மூத்தவருக்குத் தெரியும். ஃப்ரீ த்ரோ சரியாகப் போடாத பையன் பந்தை வாங்கக் கையை நீட்டுகிறான். அவனுக்குக் கொடுக்க மாட்டார். தானே வைத்திருப்பார், அல்லது நன்றாகப் போடும் பெண்ணோ பையனோ திறந்த இடத்துக்கு வரும்வரை காத்திருந்து கொடுப்பார். வளையத்துக்குப் போக வழி திறந்திருந்தாலும் அவசரப்பட்டு உள்ளே பாய மாட்டார். பத்து விநாடி கழிவதுதான் அப்போது இரண்டு புள்ளியைவிடப் பெரிது.

இன்னொன்று. கால்பகுதி முடிய 35 விநாடி இருக்கும்போது பந்து நம் கையில் இருந்தால், மூன்று நான்கு விநாடிக்குள் நல்ல வாய்ப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்போதே எறிந்துவிட்டால் எதிரணி 24 விநாடியையும் எடுத்துக்கொண்டாலும் கடைசிப் பந்து நமக்கே வரும். 24 விநாடிக் கடிகாரம் இல்லாத திடலில் மனத்துக்குள்ளேயே எண்ணிப் பழகுங்கள். எண்ணிக்கொண்டே பந்தைத் தட்டுவது முதலில் சிரமமாக இருக்கும். சில மாதங்களில் தானாக வரும்.

6. வாயைத் திறந்து பேசுங்கள்.

நம் ஊர் அணியில் தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் கலந்திருப்பார்கள். அது ஒரு பலம். ஆனால் பின்னால் ஸ்கிரீன் வருகிறது என்று எல்லாருக்கும் புரியும் ஒரு சொல்லில் கத்தாவிட்டால் முதுகில் மோதிய பிறகுதான் தெரியும். மூத்த கார்டு ஒவ்வொருவருக்கும் அவரவருக்குப் புரிகிற மாதிரி சொல்வார். கோபக்காரப் பையனிடம் மெதுவாகவும், தூங்குகிற மாதிரி நிற்பவனிடம் உரக்கவும் பேசுவார். தவறு செய்தவனை எல்லார் முன்னாலும் திட்ட மாட்டார். பக்கத்தில் போய்த் தோளைத் தட்டி, அடுத்த முறை எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்வார். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இதைக் கட்டாயம் பழக வேண்டும். பேசாத கார்டால் அணியை நடத்த முடியாது.

7. கால் கொடுத்ததை ஒருநாள் கை கொடுக்க வேண்டும்.

இளமையின் வேகம் நிரந்தரமில்லை. ஜேசன் கிட் 1994இல் என்.பி.ஏ.வுக்கு வந்தபோது தூர வீச்சில் மோசமான ஆட்டக்காரர். முதல் பருவத்தில் அவருடைய மூன்று புள்ளி வீச்சுகளில் நூற்றுக்கு 27தான் உள்ளே போயின. 2009-10 பருவத்தில் அது 42ஐத் தாண்டியது. கால் மெதுவாகிவிடும் என்று தெரிந்து பல ஆண்டுகள் உழைத்துக் கையைத் திருத்திக்கொண்டார். 2011இல், 38 வயதில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணியோடு கிண்ணத்தை எடுத்தார். இறுதிச் சுற்றில் அவர்கள் தோற்கடித்தது லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் போஷ் மூவரும் சேர்ந்து ஆடிய மயாமி ஹீட்டை.

உங்களுக்கு நான் சொல்வது: இப்போதே இடது கையால் தட்டவும் கொடுக்கவும் பழகுங்கள். தினமும் பயிற்சி முடிந்து, களைத்திருக்கும்போது, ஃப்ரீ த்ரோ போடுங்கள். ஆட்டத்தில் அதைப் போட வேண்டிய நேரத்திலும் நீங்கள் களைத்துத்தான் இருப்பீர்கள்.

8. உடம்பைப் பேணுங்கள்.

ஸ்டாக்டன் 19 பருவங்களில் தவறவிட்டது 22 ஆட்டங்கள் மட்டுமே. அணிக்குத் தினமும் கிடைக்கிற ஆட்டக்காரர்மேல் எல்லாருக்கும் நம்பிக்கை வரும். நம் வெயிலில் சிமெண்டுத் திடல் கொதிக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். மாலை மழை பெய்து ஓய்ந்த திடலில் ஈரம் காயாமல் ஆடாதீர்கள். முட்டியும் கணுக்காலும் அப்படித்தான் போகின்றன. அடி தேய்ந்த சப்பாத்தைத் தூக்கிப் போடுங்கள். மூத்தவர் ஆட்டத்துக்கு முன்னால் கால்மணி நேரம் உடம்பைத் தளர்த்துவதைப் பார்த்து அலட்சியம் செய்யாதீர்கள். அவர் இத்தனை வருஷம் ஆட முடிந்ததில் அந்தக் கால்மணி நேரத்துக்கும் பங்கு உண்டு.

9. மூத்தவர் உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாக நினைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. அவர் போனால்தான் நமக்கு வாய்ப்பு என்று திறமையுள்ள பிள்ளைகள் நினைப்பது இயல்பு. ஆனால் நடந்தவை வேறு மாதிரிச் சொல்கின்றன. ஃபீனிக்ஸ் சன்ஸ் பத்துப் பருவங்கள் தொடர்ந்து பிளே-ஆஃபைக் கண்ணால் காணாத அணி. டெவின் புக்கர், டியாண்ட்ரே ஏய்ட்டன் போன்ற இளையவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். 35 வயதுக் கிறிஸ் பால் வந்து சேர்ந்த முதல் பருவத்திலேயே 72 ஆட்டங்களில் 51ஐ வென்று இறுதிச் சுற்றுவரை போனார்கள். மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் 2023இல் மைக் கான்லியை வாங்கியது. அடுத்த ஆண்டே, இருபது வருஷத்துக்குப் பிறகு, மேற்குப் பகுதி இறுதி ஆட்டங்களுக்கு வந்தது. 36 வயதுக் கான்லி பந்தைப் பார்த்துக்கொண்டதால் 22 வயது அந்தோனி எட்வர்ட்ஸ் தன் வேலையில் மட்டும் மனம் வைக்க முடிந்தது. இளையவர்களின் வளர்ச்சியை மூத்தவர் தடுக்கவில்லை, வேகப்படுத்தினார்.

நம் இனத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியானவர். தொடர்ந்து ஒன்பது ஆசிய வெற்றியாளர் போட்டிகளில் ஆடியவர். குழந்தை பெற்ற பிறகு ஆட்டத்துக்குத் திரும்பினார். 2017இல் பெங்களூரில் நடந்த பெண்கள் ஆசியக் கிண்ணத்தின் பி பிரிவில் அவர் ஆடிய இந்திய அணி இறுதி ஆட்டத்தில் கசக்ஸ்தானை 75-73 என்று வென்று மேல்பிரிவுக்கு ஏறியது. இரண்டு புள்ளியில் முடிவாகும் ஆட்டத்தில் பதறாத ஒருவர் திடலில் இருப்பது என்ன பெறும் என்பதை யோசித்துப் பாருங்கள். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தாய்மார்களுக்கு ஆட்டம் முடிந்துவிட்டது என்று பேசுகிற வீடுகளில் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

பயிற்றுநராக வரும் இளைஞர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மூத்த கார்டை 40 நிமிடமும் ஓட வைக்காதீர்கள், முழுதாக உட்காரவும் வைக்காதீர்கள். இரண்டாம் கால்பகுதியில் சில நிமிடமும் கடைசிக் கால்பகுதியில் பெரும்பகுதியும் கொடுங்கள். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் அவர் திடலில் இருந்த நேரத்தில் நம் அணி எத்தனை புள்ளி எடுத்தது, எத்தனை விட்டது என்று மட்டும் எழுதுங்கள். அவர் வெளியே இருந்த நேரத்துக்கும் அதே மாதிரி எழுதுங்கள். ஒரு பருவம் முடிந்து இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தால் அவருடைய மதிப்பு எழுத்தில் தெரியும். பயிற்சியின்போது உங்கள் இளைய கார்டை அவருக்கு எதிராகவே ஆட வையுங்கள். வாரம் ஒருமுறை அப்படி ஆடுகிற பிள்ளை, உங்கள் விளக்கம் எதிலும் கிடைக்காததைக் கற்றுக்கொள்ளும்.

பெரிய நகரங்களில் இதற்கெல்லாம் அகாடமி இருக்கிறது, பணம் கட்டினால் பயிற்றுநர் கிடைப்பார். நம் தோட்டப்புறத்துத் தாமான்களில் ஆட்ட அறிவு ஏட்டில் இல்லை, அந்த மூத்தவரின் தலையில் இருக்கிறது. அவர் வேலை மாற்றலாகிக் கிள்ளானுக்கோ ஜொகூருக்கோ போனால், அல்லது முட்டி இனி முடியாது என்றால், அந்த அறிவும் அவரோடு போய்விடும். அவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "அண்ணே, அந்தப் பந்தை ஏன் எனக்குக் கொடுக்கலை?" என்று தயங்காமல் கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தை நினைவில் வைத்து, அடுத்த ஆட்டத்தில் அவர் சொன்ன இடத்தில் போய் நில்லுங்கள். பந்து உங்களிடம் வரும்.